எங்கள் வாசல் பெரட்டு

2024 மார்ச் 4

கடையில் பாண் ரொட்டி வாங்க மறந்துவிட்டேன். கேஷானி சிரிக்கிறாள். "மிஸ், உங்களுக்கும் மண்டையில அடியா?"

ஸ்பிரிங்வெளி வளைவில் ஆட்டோ கவிழ்ந்து, தலையில் அடிபட்டு, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. பதினாறு வயது. வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும், பெற்ற என்னை நர்ஸ் என்று நினைத்து 'மிஸ்' என்கிறாள். சிரிக்கவா, அழவா?

மார்ச் 7

கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: "வீட்டாட்கள தினமும் காட்டிப் பழக்குங்க. அவசரப்படுத்தாதீங்க."

பஸ்ஸில் என் புருஷன் மத்தேயு யோசித்துக்கொண்டே வந்தார். அந்த மனுஷன் யோசித்தாலே எனக்குப் பயம்.

மார்ச் 8

பயந்தது சரி. இனிமேல் காலை ஆறு மணிக்கு எங்கள் லயத்து வீட்டு வாசலில் பெரட்டாம்! தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு முன்னால் கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவாரே, அதே மாதிரி. கேஷானிதான் கங்காணி. வரிசையில் மத்தேயு, சின்னவள் நிலக்ஷனா, நான், பிறகு ஆடு. ஆட்டின் பேர் துரை. பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள்தான் பதிவாகும்.

மார்ச் 9

முதலில் கூப்பிட்டது துரையை. அதுவும் "மே" என்று பதில் சொன்னது.

கக்கூசிலிருந்து ஓடிவந்த மத்தேயுவுக்கு அரைப் பேர்.

"கங்காணியம்மா, வயித்துக் கோளாறுங்க!"

"அதெல்லாம் தெரியாதுப்பா. ஆடு நேரத்துக்கு வந்துருச்சு."

என்னிடம் வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மிஸ்," என்றாள்.

மார்ச் 15

அப்பா சரி. நிலக்ஷனா சரி. துரை சரி. நான் மிஸ்.

மார்ச் 21

ஆட்டை விடக் கேவலமாப் போயிட்டேனா நான்? பத்து மாசம் சுமந்தது யாரு, துரையா? கோவத்துல அதுக்குப் புல்லு போடல. "என்னத் தெரியலையாடி?"ன்னு கத்த வாயெடுத்தேன். டொக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

பிறகு புல் போட்டேன். அது என்ன பாவம் செய்தது?

ஏப்ரல் 2

பெரட்டு நேரத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கேஷானி அதட்டுவது கேட்டது.

"ஒரு ஆளு கொறையுது. அம்மா எங்க?"

கைத்துணியோடு ஓடினேன். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, லேட்டு. அரைப் பேரு!"

மத்தேயு கண்ணைத் துடைத்துக்கொண்டு துரையின் முதுகைத் தடவினார். இருபது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறேன், ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தி அரைப் பேர் வாங்கியதில்லை. இன்று வாங்கினேன்.

நாளைக்கும் பிந்தித்தான் போகப்போகிறேன்.