விளக்கைக் கூட்டியது நான்தான்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. உனக்கு ஜலதோஷம் விட்டுவிட்டதா? உனக்கு ஜலதோஷம் என்பதே மாடி வீட்டுப் பல் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "பாப்பாவுக்கு மூக்கெல்லாம் அடைச்சிருக்காம் மேடம், குரலே மாறிப்போச்சு" என்று என் வீட்டு வாசலில் நின்று எனக்கே சொன்னார். பெற்றவள் கீழ் வீட்டில் இருக்கிறேன், உன் மூக்கின் நிலவரம் மேல் வீட்டு வழியாக வருகிறது. இந்தக் கடிதமும் அவரைப் பற்றித்தான், ஆனால் நீ நினைக்கிற விதத்தில் இல்லை. போனில் சொல்ல இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன், வாய் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் பாதியில் நிறுத்த மாட்டேன் என்று எனக்கு என்னைத் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணன் வந்து குளியலறைக் குழாயை மாற்றிவிட்டுப் போனான், புதுக் குழாயும் சொட்டுகிறது, பிள்ளை செய்த வேலையாயிற்றே என்று வாளி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். சின்ன அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, பார்வை தெளிந்ததும் அவள் செய்த முதல் காரியம் என் வீட்டு அலமாரி மேல் இருந்த தூசியைச் சுட்டிக்காட்டியது. நான் துடைக்காத அலமாரியா! இனி அவள் வருவதற்கு முன் இரண்டு தடவை துடைக்க வேண்டும்.

இப்போது தொட்டி விஷயம். நீ வேலைக்குக் கிளம்பியபோது மீனும் உயிர்ப் பவளமுமாக அந்த அறுபது லிட்டர் கடல்நீர்த் தொட்டியை என்னிடம் விட்டுப்போனாய். பவளம் என்றால் கழுத்தில் போடுவது என்று நினைத்திருந்தவள் நான். ஆனாலும் மூன்று வருடம், ஒரு நாள் தவறாமல், காலை ஏழு மணிக்கு முந்நூறு மில்லி, மாலை ஆறு மணிக்கு முந்நூறு மில்லி, ஆவியாகிப் போனதற்கு ஈடாக உப்பில்லாத சுத்தத் தண்ணீரை அளந்து ஊற்றினேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நின்றவளுக்கு மில்லி கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோமாளி மீன் இரண்டும் என் கண்ணாடி பிரேமைக் கண்டாலே முன்னால் ஓடி வரும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும், புதுக் கருவிகளை வாங்கி அனுப்பியபோது பெட்டியை அவர் பெயருக்கு அனுப்பினாய். அன்று அவர் வெளியே போயிருந்தார். கொண்டுவந்த ஆள் என் கதவைத் தட்டி, "மாடியில யாரும் இல்லைங்க, அவருக்காக நீங்க வாங்கி வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டான். என் வீட்டுத் தொட்டிக்கு வந்த சாமானை, பக்கத்து வீட்டுக்காரியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அந்தக் கையெழுத்து இன்னும் எனக்கு எரிகிறது.

சனிக்கிழமை அவர் வந்து நாலு மணி நேரம் மாட்டினார். அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கோப்பையில் தள்ளுகிற ஸ்கிம்மர், அலை உண்டாக்கும் சின்ன பம்பு, தண்ணீர் குறைந்தால் தானாகவே நிரப்பும் கருவி, பிறகு அந்தப் புது விளக்கு. பல் பார்க்கிற குச்சிக் கண்ணாடியைப் பாறைக்கு அடியில் விட்டு, "கொஞ்சம் திறங்க, பயப்படாதீங்க" என்று பவளத்திடம் பேசிக்கொண்டே வேலை செய்தார். நான் துண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம், துண்டு. மூன்று வருடம் டாக்டராக இருந்துவிட்டு ஒரே நாளில் ஆயாவாகிவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல அளவுக் குவளையோடு போனேன், தண்ணீர் கோட்டின் மேல் சரியாக நின்றது, கருவி எனக்கு முன்பே ஊற்றியிருந்தது. குவளைத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் நானே குடித்தேன்.

விளக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுகள் உண்டு. இரண்டையும் முப்பதில் வைத்து, "பழைய விளக்கு மங்கலா இருந்தது மேடம், பவளம் அதுக்குத்தான் பழகியிருக்கு. வாரத்துக்கு அஞ்சு அஞ்சா நானே கூட்டறேன், நீங்க தொட வேண்டாம்" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். போகிற போக்கில் உன் செய்தியை வாசித்துக் காட்டினார். மாடியில் அவருடைய தொட்டியில் இருக்கும் பவளம், நுனியெல்லாம் சுத்தியல் போல விரியும் நம் சுத்தியல் பவளத்திலிருந்து நீ வெட்டிக் கொடுத்த துண்டுதானே, அதன் படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுதான் பவளம்! அம்மாகிட்ட இருக்கிறது ஏன் இப்படி வாடிப்போய் நிக்குது?" என்று எழுதியிருந்தாய். அவர் பெருமையாகத்தான் காட்டினார், கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நான் சிரித்து, காபி வேண்டுமா என்று கேட்டேன். தாய்ப் பவளம் என்னிடம், பாராட்டு அவருக்கு.

திங்கட்கிழமை காலை இரண்டு திருகையும் கடைசிவரை திருப்பி நூறில் வைத்தேன். மருந்தின் அளவை மூன்று மடங்காக்கினால் நோயாளி மூன்று மடங்கு குணமாவான் என்று எந்தக் கத்துக்குட்டியாவது என்னிடம் சொல்லியிருந்தால் அவனை மருந்தகத்தை விட்டே வெளியேற்றியிருப்பேன். நானே செய்தேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதையும் எழுதுகிறேன். அவர் தினமும் மாலை ஆறு மணிக்குப் பார்க்க வருவார், நான் ஐந்தரைக்கே திருகை முப்பதுக்கு இறக்கி வைத்துவிடுவேன். நாலு நாள் இப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தால் பவளத்தின் ஏழு தலைகளில் நாலு சுருங்கி, சுண்ணாம்பு போல வெளுத்துவிட்டன.

அவர் குச்சிக் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார். திருகைப் பார்த்தார், முப்பதில் இருந்தது. "தப்பு என்னுதுதான் மேடம், முப்பதே அதிகமாப் போச்சு போல. பாப்பாகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார். எங்கள் கான்வென்டில் மேசையில் மை கொட்டினால், யார் என்று சிஸ்டர் கேட்கும் முன்பே கொட்டியவள் எழுந்து நிற்க வேண்டும். எட்டு வயதில் நின்றிருக்கிறேன், எழுபத்திரண்டு வயதில் உட்கார்ந்துகொண்டேன். நீ அவருக்கு ஒரே வரியில் "சரி அங்கிள்" என்று பதில் போட்டாய், அதை அவர் எனக்குக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "இனிமே அவர் தொட வேண்டாம்மா, நீயே பார்த்துக்கோ, உன்னை மாதிரி யாரும் பார்த்துக்க மாட்டாங்க" என்றாய். இந்த ஒரு வாக்கியத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். அது இப்படியா வந்து சேர வேண்டும்?

அதற்குப் பிறகு அவர் கீழே வரவில்லை. போன புதன்கிழமை படிக்கட்டில் எதிர்ப்பட்டார், கையை விரித்து எனக்குக் காட்டினார். "நடுக்கம் தெரியுதா மேடம்? எனக்கு முன்னாடி மாதிரி கணிப்பு வரலைன்னு நினைக்கிறேன். என் தொட்டியையும் யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன், ஒரு ஆள் பார்க்க வர்றேன்னு சொல்லியிருக்கார்" என்றார். கை நடுங்கவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன், கல் போல நின்றது. நாற்பது வருடம் பிறர் வாயில் கைவைத்துப் பிழைத்த மனிதருக்குத் தன் கைமேல் சந்தேகம் வந்திருக்கிறது, அதை உண்டாக்கியது நான்.

மறுநாள் காலை முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். "எவ்வளவு வச்சீங்க?" என்று கேட்டார். நூறு என்றேன். "நூறா! பல் தேய்ச்சேன்னு என்கிட்டப் பொய் சொன்ன பிள்ளைங்க ஆயிரம் பேர் மேடம், அத்தனை பேரும் உங்களுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை" என்றார். சிரிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதையும் பார்த்துத் தொலைத்தார். உடனே, விளக்கை இருபதுக்கு இறக்கச் சொன்னார், பிழைத்தாலும் பிழைக்கும், மாதக்கணக்காகும் என்றார். நான் வாசலைத் தாண்டும்போது, "பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை மகளே. உன் ஜலதோஷம் அவருக்கு முதலில் தெரிகிறது, உன் பெட்டி அவர் பெயருக்கு வருகிறது, பவளம் அவரிடம்தான் வளர்கிறது, இப்போது பெருந்தன்மையிலும் அவரே ஜெயித்துவிட்டுப் போக வேண்டுமா? விட மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். விளக்கைக் கூட்டியது நான், குறைத்துவைத்து மறைத்ததும் நான், அவர் மேல் ஒரு தவறும் இல்லை. நாலு தலைகள் இன்னும் வெளுத்துத்தான் இருக்கின்றன, மூன்று மட்டும் பகலில் விரிகின்றன. நீ என் மேல் கோபப்படு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் படு. ஆனால் மொட்டையாக ஒரு வரி எழுதிவிட்டு மௌனமாக இருக்காதே, அது எப்படிக் குத்தும் என்று அவர் முகத்தில் பார்த்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கண்ணாடியின் பவரைச் சோதித்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுளையும் சேர்த்து நீ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவருடைய தொட்டியைப் பார்க்க அந்த ஆள் அடுத்த திங்கட்கிழமை வருகிறாராம். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைக்காதே, முதலில் அவருக்கு அழை. தொட்டியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல், என் தொட்டியையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல், நான் துண்டு பிடிக்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. பேசி முடித்ததும் எனக்கு அழை. அவரிடம் பேசியதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக.

உன் மேல் பாசமும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறாமையும் உள்ள
அம்மா