நாலாவது தேசிக்காய்

ஞாயிறு, இரவு.

இன்று இவர் தன்னுடைய பழைய ஸ்ருடிபேக்கர் காரைக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி மூடி எவ்வளவோ காலம். எங்கள் கராஜில் மட்டும் அது இன்னும் புதுப் பொம்பிளை.

கார்ச் சங்கத்து ஹெலனும் வந்தாள். எங்கும் கிடைக்காத முன்விளக்கு வளையத்தை இவருக்குத் தேடிக் கொடுத்தவள். நான் குனிந்து சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துக்கொண்டு போனேன். நிமிர்ந்தால் அவள் முன் சீற்றில் இருக்கிறாள்.

"நீர் பின்னுக்கு ஏறும். அவவுக்கு முழங்கால் ஏலாது" என்றார் இவர்.

"எனக்கென்ன இரும்பு முழங்காலோ?"

பேத்தி சிரித்தாள். "அம்மம்மா, யூ ஆர் ஜெலஸ்."

ஓம், ஜெலஸ்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் அந்தச் சொல் விளங்கும்.

அந்தக் கோபத்தில் நாலாவது தேசிக்காயை வைக்காமலே ஏறிவிட்டேன். அது இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது. நாளைக்கு இவர் சங்கத்தாரோடு அதே காரில் பலராட் வரை ஓடப்போகிறார். வழியில் அந்தச் சில்லுக்கு ஏதும்... எழுதவே கை வரவில்லை.

விடிந்ததும் நானே வைப்பேன். வைத்துவிட்டு முன் சீற்றில் ஏறி இருந்துகொண்டுதான் காரை எடுக்கச் சொல்லுவேன். பின் சீற்றும் நல்ல மெத்தைதான். ஹெலனுடைய முழங்காலுக்குத் தாராளமாகக் காணும்.