'இல்லை' என்று எழுதித் தாருங்கள்

அளவற்ற அருளாளன் பெயரால், என் கண்மணி ஹஸீனாவுக்கு உன் அம்மா ஸுலைகா சொல்லச் சொல்ல, உன் தம்பி வலீத் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கடலுக்கு அக்கரையில், அந்த மார்செய் நகரத்துக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நாங்களும் இங்கே ஏதோ இருக்கிறோம். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. யம்மாவுக்கு எழுத்து தெரியாது, உனக்கு என்னைத் தெரியும்.) காற்று அடங்கவில்லை, படகுகள் போகவில்லை, மத்தி மீனைக் கண்ணால் பார்த்து ஒரு வாரம் ஆகிறது. தபாலை நம்ப முடியாததால் பக்கத்து வீட்டு மெஸ்ஊத் கப்பலேறும்போது இதை அவர் கையில் கொடுக்கிறேன், படித்ததும் எரித்துவிடு, உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் பத்திரமாக வை.

உன் அப்பாவைப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சீருடைக்காரர்கள் இறக்கிக் கொண்டுபோனதிலிருந்து நான் ஏறாத படி கிடையாது என்று உனக்குத் தெரியும். ஜெனீவாவில் உலக நாடுகள் கூடும் சபையில் கேட்பார்கள், ஆனால் அதற்கு முன்னால் நம் நாட்டுக் கதவுகளை எல்லாம் தட்டியிருக்க வேண்டும், அவை திறக்கவில்லை என்று காட்டவும் வேண்டும் என்று உன் வக்கீலம்மா சொன்னதாக எழுதியிருந்தாய். மகளே, கதவைச் சாத்தினால் அல்லவா சாத்தினார்கள் என்று காட்டலாம்? இங்கே யாரும் சாத்துவதில்லை. காவல் நிலையத்திலும் சரி, அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் சரி, "நாளைக்கு வா ஹாஜ்ஜா, அல்லாஹ் நாடினா பார்க்கலாம்" என்று தேனாகப் பேசுகிறார்கள். அவர் எங்கே என்று கேட்கும் மனுவைக் கையில் வாங்குவதும் இல்லை, வாங்கமாட்டோம் என்று சொல்வதும் இல்லை. (யம்மா இன்னும் மக்காவையே பார்த்ததில்லை, அதற்குள் அரசாங்கமே ஹாஜ்ஜா ஆக்கிவிட்டது. முறையிடப் போனால் முறைக்கிறார்கள். வழக்குப் போடலாம் என்றால் நாளைக்கு வா என்பதுதான் வழக்கம்.) 'ஆம்' என்று கேட்கப் போனவள், இப்போது ஒரே ஒரு 'இல்லை'யைப் பிச்சை கேட்டு நிற்கிறேன்.

போன சனிக்கிழமை, இதை எழுதும் இவனையும் கூட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த தப்பு. அரசு வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா வழக்கம்போல நாளைக்கு என்றதும், இவன் முகத்தைப் பால் குடிக்கும் பிள்ளைபோல வைத்துக்கொண்டு, "சித்தப்பா, 'இல்லை'ன்னு எழுதற அதிகாரம் உங்களுக்குக் கிடையாதாமே, தலைநகர்ல இருந்து பெரியவர் வந்தாத்தான் ஆகுமாமே, வரிசையில எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறாங்க" என்றான். அந்த ஆளுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எவன்டா சொன்னது?" என்று காகிதத்தை இழுத்து, மனு ஏற்கப்படவில்லை என்று எழுதி, மேசை அதிர முத்திரை குத்தினான். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது, உன் அப்பா போனபின் முதல் சிரிப்பு. அப்போதுதான் அவன் பேனாவை மூடாமலே, "உன் பேர் என்னடா?" என்றான். இவனும் வாயைத் திறந்து சொல்லிவிட்டான். மனுதாரர் என்ற இடத்தில் என் பிள்ளையின் பெயரை எழுதி நீட்டி, "நல்ல வாய்டா உனக்கு, எந்தப் பள்ளிக்கூடம்?" என்றான். (அதைச் சொல்லவில்லை அக்கா. சத்தியமாகச் சொல்லவில்லை.)

சொல்லாமலே தெரிந்துகொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாயிற்காவலர் வந்து, வலீத் எந்தப் பெஞ்சில் உட்காருவான் என்று ஒருத்தர் கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். அதிலிருந்து மாடிப்படியில் காலடி கேட்டால் இவன் மேல் போர்வையைப் போட்டு மூடுகிறேன், இத்தனை உயரம் வளர்ந்தவனை. நாளை விடிந்ததும் மலையில் இருக்கும் உன் மாமா வீட்டுக்கு அனுப்புகிறேன். (அங்கே ஆடுகள்தான் துணை. அவையாவது நான் பேசினால் பெயர் கேட்காது.)

நீ கேட்ட ஆதாரம் அந்தக் காகிதம்தான். ஆனால் அதை இப்போது யாரிடமும் காட்டாதே. அந்த 'இல்லை' என் பிள்ளைக்கு வந்தது, எனக்கு வர வேண்டியது. வரும் சனிக்கிழமை நான் தனியாகப் போய் அதே மேசையில், என் பெயருக்கு ஒன்று எழுதித் தா என்று கேட்கப்போகிறேன். பயமாக இருக்கிறது ஹஸீனா, உன்னிடம் மறைக்கவில்லை. கிடைத்தால் மாலையே தொலைபேசியில் கூப்பிடுவேன், ரொட்டி நன்றாக வெந்தது என்று மட்டும் சொல்வேன், உடனே இவன் பெயரில் இருப்பதைக் கிழித்துப்போடு, அடுத்த கப்பலில் என்னுடையது வரும். கூப்பிடாவிட்டால் எனக்காகக் காத்திருக்காதே, இவன் பெயரில் இருப்பதையே கொண்டுபோய் ஜெனீவாவில் கொடு, அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் வரிசையில் உன் அப்பா பெயரோடு என் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்.

கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. உன் வயிற்றில் இருப்பது நல்லபடியாக வெளியே வரட்டும், அல்லாஹ் உன் வாசலைக் காக்கட்டும். சனிக்கிழமை தொலைபேசி பக்கத்திலேயே இரு.

இப்படிக்கு,
உன் அம்மா ஸுலைகா (கைநாட்டு)

(மை பரவியிருப்பதற்கு யம்மாவைச் சொல்லாதே அக்கா. அவள் விரல் நேராகத்தான் இருந்தது, பிடித்து அழுத்தியவன் நான்.)