மாற்றிவிடாத ஒரு போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போனைப் பார்த்தாலே எரிச்சல், அதனால்தான் கடிதம்.

நேற்று குற்றாலத்திலிருந்து ஒருவர் எங்கள் கால் சென்டருக்குக் கூப்பிட்டார். அவர் வீட்டில் இருக்கும் எங்கள் கம்பெனி ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டதாம்.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லணுமா? வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது, ஆள் மாத்தி ஆள் மாத்தி விடுதீங்களே!"

நானும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான் இங்கே விதி. என்ன விதியோ!

"போனை வைக்காதீங்க அண்ணாச்சி, நானே பாக்கேன்" என்றேன். இன்னொரு போனில் தென்காசி மெக்கானிக்கைப் பிடித்து அனுப்பினேன். அவர் போய்ச் சரிசெய்து, போனில் மெஷின் ஓடும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

"நீ நம்ம பக்கமாம்மா? எந்த ஊரு?" என்றார். ஊரைச் சொல்லக் கூடாது என்பதும் விதி. கீழப்பாவூர் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஒரே ஆளோடு அவ்வளவு நேரமா என்று மேலாளர் கத்தினார். வேலை போகாது, பயப்படாதீர்கள்.

அம்மாவிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டேன் என்று சொல்லுங்கள். ஞாயிறு நான் கூப்பிடும்போது, "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். வேலைக்கு மணியாகிவிட்டது.

வேல்விழி