வீட்டுக்கு ரெண்டு கையெழுத்து

ஜனவரி 31, சனி

இந்தக் காலாண்டுக்கான சொத்து வரியைக் கட்டிவிட்டு, வீட்டை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தேன். அதே மூன்று படுக்கையறை, அதே ஒழுகும் பேஸ்மென்ட். நல்ல ஸ்கூல் என்று நம்பி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாங்கிய வீடு. வாங்கி முடித்தும் வாடகை கொடுக்கிற மாதிரியே இருக்கிறது.

பிப்ரவரி 17

மாநில வருமான வரியை உயர்த்தப் போகிறார்களாம். அந்தப் பணம் பள்ளிகளுக்கும், சொத்து வரியைக் குறைக்கவுமாம். இத்தனை வருஷம் சொத்து வரியைத் திட்டினேன். இனி அதைக் குறைக்க வருகிறவர்களையும் திட்ட வேண்டும். எனக்கு ஓய்வே கிடையாது.

வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும்தான் உயர்வு. என் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. "டாட், வீ ஆர் நாட் ஈவன் ரிச்," என்றான் கவின். நாளைக்கு நான் சம்பாதிக்க மாட்டேனா என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹோம்வொர்க்குக்குத் திரும்பிவிட்டான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவு மரியாதை ஆகாது.

மார்ச் 8, ஞாயிறு

வேலுமணி வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தத்தோடு விருந்து. ரியல் எஸ்டேட் ஏஜென்ட், எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின். வரி உயர்வை எதிர்த்து மனு தயாராக வைத்திருந்தான். "நஞ்சுண்டா, வீட்டுக்கு ரெண்டு கையெழுத்து வேணும். அப்பத்தான் வெயிட்டு."

யாமினி கிச்சனில் பூரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். ஏழு வருஷம் என் விசாவில் டிபென்டென்ட் மனைவியாக இருந்தவள். எந்த ஃபார்ம் வந்தாலும் நான் நிரப்பி, இங்கே போடு என்று விரலால் காட்டுவேன், போடுவாள். இன்று அந்த வேலையையும் அவளுக்கு மிச்சப்படுத்திவிட்டேன்.

ஏப்ரல் 23

யாமினி வேலை பார்க்கும் பக்கத்து ஊர் ஸ்கூலில் பட்ஜெட் இடிக்கிறதாம். மாநிலப் பணம் வராவிட்டால் வகுப்பறை உதவியாளர்களைத்தான் முதலில் நிறுத்துவார்களாம். கிரீன் கார்டு வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. பேச்சு வராத குழந்தைகளின் வகுப்பு.

வேலுமணி மனுவைச் சுற்றுவட்டார ஸ்கூல்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான்.

"பிரின்சிபால் கூப்பிட்டு லிஸ்ட்டைக் காட்டுனாங்க. 'டிட் யூ சைன் திஸ்'னு கேட்டாங்க. எம் புருஷன் போட்டதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. ஆமான்னுட்டேன்."

வீட்டுக்கு ரெண்டு வேணும்னு வேலுமணிதான் கேட்டான், என்றேன். வேறு என்ன சொல்வது? இதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 24

டிபன் பாக்ஸில் வெறும் தயிர் சாதம். ஊறுகாய் இல்லை.

மே 14

கடிதம் வந்துவிட்டது. செப்டம்பரில் அவளுக்கு வேலை இல்லை. மாநிலப் பணம் வந்தால் மறுபடி கூப்பிடுவார்களாம்.

எங்கள் பெயர்களை எடுத்துவிடு என்று வேலுமணிக்குப் போன் செய்தேன். "எடுத்தா குரூப்ல என்னப்பா நெனைப்பாங்க? உனக்கென்ன, இனி மூணு வேளையும் சூடா சாப்பாடு." போனை வைத்துவிட்டேன். கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிஷம் அதுதான் தோன்றியது — எவ்வளவு கேவலம்.

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறாள். எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள்.

ஜூன் 6, சனி

ஏதோ வேலை இருக்கிறது, எடிசனில் இறக்கிவிடுங்கள் என்றாள். ஓக் ட்ரீ ரோட்டில், இந்திய மளிகைக் கடை வாசலில் ஒரு மடக்கு மேஜை. அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். வரியை உயர்த்தச் சொல்லி மனு. போகிற வருகிறவர்களையெல்லாம் யாமினி நிறுத்திப் பேசுகிறாள். அவள் இவ்வளவு சத்தமாக இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை.

அரை மணி நேரம் காரிலேயே இருந்தேன். பிறகு இறங்கிப் போய்ப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"வேண்டாங்க," என்றாள். முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரியில் அவள் பெயர். அடுத்த வரியில் என்னுடையது, கையெழுத்தோடு. அச்சு அசலாக நான் போடுவதைப் போலவே.

"வீட்டுக்கு ரெண்டுன்னு சொன்னீங்கல்ல."

என் பேனாவை வாங்கி, எனக்குப் பின்னால் கையெழுத்துப் போட நின்றிருந்த ஒரு அங்கிளிடம் கொடுத்தாள்.