மூணு காத்தூன்

ஆவணி 12, வியாழன்

மனசு ஆறவே மாட்டேங்குது. பீகார்ல இருந்து எங்க கம்பெனிக்குத் தைக்க வந்த சல்மா காத்தூன், ரபினா காத்தூன், நூர் காத்தூன் மூணு பேரும் அக்கா தங்கச்சின்னு நானா நெனச்சுக்கிட்டு, கம்பெனி கார்டுல மூணு பேருக்கும் ஒரே வீட்டு நம்பரைப் போட்டுட்டேன். இன்னைக்குச் சல்மா விரல்ல தையல் மிஷின் ஊசி ஏறிருச்சு. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, அந்த நம்பருக்குக் கூப்பிட்டு அரைகுறை இந்தியில சொன்னேன். எடுத்தது நூரோட அம்மா. தன் மகளுக்குத்தான் அடிபட்டுருச்சுன்னு அழுதுட்டாங்க. நூர் ஓடிவந்து ஃபோனை வாங்கிப் பேசின பிறகுதான் அடங்கினாங்க.

"நாங்க சொந்தம் இல்லீங்க மேடம். எங்க ஊர்ல பொம்பளைங்க பேருக்குப் பின்னால காத்தூன்னு போடுவாங்க"ன்னா நூர். நாலு வருசத்துல நம்ம பேச்சு அப்படியே வந்திருச்சு அவளுக்கு.

அர்த்தம் அவளுக்கும் தெரியல. இப்பத்தான் தேடிப் பாத்தேன். துருக்கியர், மங்கோலியர் காலத்துல ராணிக்குக் குடுத்த பட்டமாம். அங்கிருந்து எந்த வழியா, எத்தனை ஊர் தாண்டி, நம்ம தையல் லைன் வரைக்கும் வந்துச்சோ!

இங்க நாச்சியார்னாலும் ராணிதானே. ஊட்டுல வெச்ச நாச்சம்மாள்ங்கிற பேரு பட்டிக்காடா இருக்குதுன்னு, என் கார்டுல நிஷான்னு போட்டுக்கிட்டவ நான்.

நாளைக்குச் சல்மா, ரபினா ரெண்டு பேரு கார்டையும் திருத்தணும். இல்ல, மூணு.