என் கிழவன் பெண் கேட்கிறான்

அக்டோபர் 6, திங்கள்

மழை. உருளைக்கிழங்கை உரித்து வைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருஷம் வரை நான் குழிக்காரி. எங்கள் மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் குந்தி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, மறந்து நிற்பவர்களுக்கு வரி எடுத்துக் கொடுப்பேன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய செருப்பும்தான் முதலில் தெரியும். அல்முத்தின் செருப்பு வருஷா வருஷம் புதுசு. கதாநாயகி அவள்தானே.

வருஷா வருஷம் நாடகத்தை நடத்துகிற யான்சன் வாத்தியார் இந்த முறை மகளோடு இருக்க பிரேமனுக்குப் போய்விட்டார். நாடகச் சங்கத் தலைவன் ஹார்ம் என்னிடம் வந்தான். "ஹிஸ்கே, எல்லா நாடகமும் உங்க தலைக்குள்ள இருக்கு. இந்தத் தடவை நீங்களே நடத்துங்க." எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வகுப்பில் ஊர்ப்பேச்சு பேசியதற்குக் கையை நீட்டி அடி வாங்கினவள். இப்போது அந்த ஊர்ப்பேச்சு நாடகத்துக்கு நானே இயக்குநர். மரியாதைக்குக்கூட "வேண்டாம்" என்று சொல்லவில்லை. எங்கே அவன் நம்பிவிடுவானோ என்று பயம்.

இன்று விடுதிக் கூடத்தில் முதல் வாசிப்பு. கதை சின்னது. விதவை ஒருத்தியிடம் மாடு வாங்க ஒரு வியாபாரி வருகிறான். உண்மையில் மாட்டுக்காக இல்லை, அவளையே பெண் கேட்கத்தான். வாய் வரவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே இருக்கிறான். விதவை, அல்முத். வியாபாரி, எனோ. எனோவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சையாம், குளிர்காலம் முழுக்கக் கட்டில்தான்.

என்னை வண்டியில் கூட்டிப்போக வந்து கதவோரம் தொப்பியோடு நின்றான் என் புருஷன் ஓக்கோ. ஹார்ம் அவன் கையில் தாளைத் திணித்தான். "இன்னைக்கு மட்டும் சும்மா வாசிங்க." சும்மா வாசித்தான். கூடம் அமைதியாகிவிட்டது. இப்போது குழியில் உட்காரும் இம்கே என் பக்கம் சாய்ந்தாள். "உன் ஆளுக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு சொல்லவே இல்லையேடி."

எனக்கே தெரியாதே.

அக்டோபர் 7, செவ்வாய்

ஓக்கோவே நடிக்கிறானாம். ஹார்ம் தொலைபேசியில் சொன்னான். ஓக்கோ எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தான். எழுந்து போய் ஆடுகளைப் பார்த்தான். ஆட்டுக்கு என்ன, அது கடலணைச் சரிவில் தானாக மேய்கிறது.

எழுதியே வைக்கிறேன். 1971-இல் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஊர்த் திருவிழாவில் அல்முத் மஞ்சள் சட்டை, வெள்ளை இடைவார். நான் பீர்க் குவளைகள் சுமந்துகொண்டிருந்தேன். அவளும் ஓக்கோவும் கடைசிப் பாட்டு வரை ஆடினார்கள். பிறகு ஒரு வருஷம் கால்வாய் ஓரமாக மிதிவண்டியில் அவள் வீட்டுக்குப் போய்வந்தான். பிறகு அவள் எம்டனிலிருந்து வந்த கார் வியாபாரியோடு போய்விட்டாள். என் கல்யாணத்துக்கு வந்தாள். வந்து தன் அம்மாவிடம் சொன்னாள்: "ஓக்கோவுக்கு நல்லாத்தான் அமைஞ்சிருக்கு. நல்லா வேலை செய்யற பொண்ணு."

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். கேட்டது.

அந்தக் கார்க்காரன் கெர்ட் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடக்கத்துக்குப் போனேன். திராட்சை ரொட்டியும் சுட்டுக்கொண்டு போனேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். ஆனால் எதையும் மறக்கவில்லை.

என்னை ஓக்கோ பெண் கேட்கவே இல்லை. புதுத் தொழுவம் கட்டிக்கொண்டிருந்தான். "இதப் பாத்துக்க ரெண்டு பேர் வேணும்" என்றான். நான் "சரி" என்றேன். முடிந்தது. இத்தனை காலம் அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. இப்போது அவன் ஊரைக் கூட்டி வைத்து, அழகான வார்த்தைகளில், அவளைக் கேட்கப் போகிறான். அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

எழுந்து நின்று செய்த முதல் ஒத்திகை. விடுதியின் நீள மேசையை நடுவில் போடச் சொன்னேன். கல்யாணத்துக்குப் போடுவார்களே, அது. ஒரு முனையில் அவள், மறு முனையில் அவன்.

அல்முத் தேநீர்க் குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். "ஹிஸ்கே, இங்கேர்ந்து அவருக்கு ஊத்தணும்னா தோட்டத்துக் குழாய்தான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓக்கோவும் சிரித்தான். ஹார்ம் சிரித்தால் பரவாயில்லை, அவன் எதற்கும் சிரிப்பான்.

"விதவை வீடு" என்றேன். "தூரம்தான் மரியாதை."

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டில் அவனுக்கு வரி சொல்லிக் கொடுத்தேன். அல்முத்தின் வரிகளை நான் வாசிக்க, அவன் தன்னுடையதைச் சொல்ல. "உன் ஜன்னல்ல வெளிச்சம் இருந்தா எனக்கு வழி தப்பறதில்ல" என்ற வரி. உர மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் படித்தான். வேலிக்கம்பம்கூட இதைவிட நன்றாகப் பேசும். பரவாயில்லை, நாடகம் கெட்டால் கெடட்டும் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம்தான். நாடகம் என்னுடையது அல்லவா.

அக்டோபர் 13, திங்கள்

அதே வரி. அல்முத்தைப் பார்த்துச் சொன்னான். குரல் வெண்ணெய்போல் இருந்தது. அவள் கன்னம் சிவந்தது. அந்த வயதில் அது எப்படி முடிகிறது?

"முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிச் சொல்லு" என்றேன் ஓக்கோவிடம். "அவளப் பாக்காதே. ஜன்னல்னுதானே வரியில இருக்கு."

திருப்பினான். காட்சி செத்துப்போனது. எனக்கே தெரிந்தது.

முடிந்ததும் ஹார்ம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என் பக்கம் வந்தான். "ஹிஸ்கே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காட்சி நிக்க மாட்டேங்குது. அடுத்த திங்களுக்குள்ள சரியாகலேன்னா, அவுரிக்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், நகர நாடகத்துல இருந்தவர். அவரக் கூப்பிடலாம். உங்களுக்கு உதவிக்குத்தான்."

உதவிக்கு. அந்த ஆள் வந்தால் நான் மறுபடி குழிக்குள். வேறென்ன? ஆயுள் முழுக்க செருப்பைப் பார்த்துவிட்டு இப்போதுதான் முகங்களைப் பார்க்கிறேன். விடமாட்டேன். அவளுக்காகவும் விடமாட்டேன், அவனுக்காகவும் விடமாட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்தேனா? செய்தேன் போலிருக்கிறது.

நாடகமே தேநீரில்தான் இருக்கிறது. மூன்று கோப்பை வரை அவன் குடிக்கிறான், கோப்பைக்குள் ஸ்பூனை வைக்கவில்லை. எங்கள் ஊரில் மூன்று கோப்பை குடிப்பதுதான் மரியாதை; ஸ்பூனை உள்ளே வைத்தால் போதும் என்று அர்த்தம், கிளம்ப வேண்டும். அவன் வைக்காததால் அவள் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். நாலாவதையும் ஊற்றும்போதுதான் அவளுக்குப் புரிகிறது, ஜனங்கள் சிரிப்பார்கள், அப்போது அவன் வாய் திறக்கிறான். அத்தனை நேரமும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தேநீரில் போட்ட கற்கண்டு கரையக் காத்திருக்க வேண்டும். என்னால் அதை உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

"காட்சி நீளம்" என்றேன். "ஓக்கோ, மொதல் கோப்பையோட ஸ்பூனைப் போட்டுடு. எழுந்து நின்னு கேளு."

இம்கே குழியிலிருந்து தலையை நீட்டினாள். "ஒரு கோப்பையோடயா? ஹிஸ்கே, எவன்டி அப்படிச் செய்வான்?"

"வியாபாரிக்கு அவசரம்."

ஓக்கோ என்னைப் பார்த்தான். சொன்னதைச் செய்கிறவன் அவன், அதுதான் அவனுடைய குணமும் கோளாறும். முதல் கோப்பையைக் குடித்தான். ஸ்பூனை உள்ளே வைத்தான். 'டங்' என்று கேட்டது.

அல்முத் குடுவையை மேசையில் வைத்தாள். வரி சொல்லவில்லை. இம்கே எடுத்துக் கொடுத்தாள், அப்போதும் சொல்லவில்லை. நாடகத்துச் சால்வையைக் கழற்றி மடித்தாள். போய்த் தன் கோட்டை மாட்டினாள்.

"என் கையால ஊத்தின டீக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு கோப்பையோட ஸ்பூன் வச்சதில்ல" என்றாள். ஓக்கோவிடம் இல்லை, என்னிடம். "உனக்குச் சொல்லணும்னு இருந்தா நீயே சொல்லு ஹிஸ்கே. உன் புருஷன் கையால சொல்லாதே."

"நாடகம்தானே அல்முத்" என்றான் ஹார்ம்.

"ஸ்பூன் நாடகம் இல்ல" என்றாள். போய்விட்டாள்.

வண்டியில் துடைப்பான் மட்டும் கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று பேசிக்கொண்டு வந்தது.

அக்டோபர் 17, வெள்ளி

கேட்டுவிட்டேன். அவன் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட அந்த வரியச் சொன்னா மூட்டை மாதிரி விழுது. அவகிட்ட சொல்றப்ப மட்டும் எங்கேர்ந்து வருது அந்தக் குரல்?"

"எந்தக் குரல்?"

"நடிக்காதே. அங்க நடி, இங்க வேணாம்."

முள்ளைத் தட்டோரம் வைத்தான். யோசிக்கும்போது அவன் காது அசையும், மாடு மாதிரி.

"அங்க நான் மாட்டு வியாபாரி" என்றான். "அவன் என்ன பேசினாலும் எனக்கு வெக்கமில்ல. உன்கிட்ட சொன்னா நானே சொன்னதா ஆயிடும்."

"ஆயிட்டா என்ன?"

"நீ சிரிப்ப."

சிரித்திருப்பேனா? சிரித்திருப்பேன். அவன் எழுந்து விறகு எடுக்கப் போனான். விறகுக்கூடை நிறைந்துதான் இருந்தது.

அக்டோபர் 18, சனி

அல்முத் வீட்டுக்குப் போனேன். ரொட்டி கொண்டுபோகவில்லை. ரொட்டி கொண்டுபோனால் மன்னிப்புக் கேட்கப் போனதாக ஆகிவிடும்.

கதவைத் திறந்தாள். "மோயின்" என்றாள், எங்கள் ஊர் வணக்கம். "மோயின்" என்றேன். உள்ளே போனேன், அவள் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். முதல் கோப்பையைக் குடித்தேன். நல்ல கோப்பைகள், ரோஜாப்பூ போட்டவை, என்னுடையதைவிட மெல்லியவை. அதையும் பார்த்துவைத்தேன்.

ஸ்பூனைத் தட்டிலேயே விட்டேன். இரண்டாவது ஊற்றினாள்.

"உன் ஓக்கோவ நான் தூக்கிட்டுப் போயிடுவேன்னு பயமா?" என்றாள்.

"யார் பயந்தா?"

"அவன் பக்கத்துல உக்காந்தா முட்டித் தைலம் வாடை. கற்பூரக் கடைக்குள்ள உக்காந்த மாதிரி. ரெண்டு பக்கத்துக்கு ஒரு தடவை மூக்கை உறிஞ்சறான். நான் அப்பவே விட்டவனை இப்பப் போயி எடுப்பேனா?"

எனக்கு எரிந்தது. அவனுக்கு என்ன குறைச்சல்? அந்தத் தைலத்தைத் தேய்த்துவிடுகிறவள் நான். "அவன் மூக்கு அப்படித்தான்" என்றேன். "அந்த மூக்கோட தெனமும் நாலு மணிக்கு எழுந்து பால் கறந்தவன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். மூன்றாவது ஊற்றினாள். ஊற்றி முடித்தும் குடுவையைக் கீழே வைக்கவில்லை. அவள் நடிப்பை நான் பெட்டிக்குள்ளிருந்து எத்தனை பார்த்திருக்கிறேன், இது அது இல்லை.

"எதுக்கு இந்த வருஷமும் வந்தேன் தெரியுமா?" என்றாள். "கெர்ட் போனதுலேர்ந்து எதிர்ல யாரும் மூணு கோப்பை முடியற வரைக்கும் உக்கார்றதில்ல. எல்லாருக்கும் அவசரம். மேடையிலயாவது ஒருத்தன் உக்காரட்டும்னுதான். அது ஓக்கோவா இருந்தா என்ன, எனோவா இருந்தா என்ன? அதையும் நீ வெட்டிட்ட."

மூன்றாவதையும் குடித்தேன். ஸ்பூனைத் தொடவில்லை. அவள் என் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நாலாவதை ஊற்றினாள். குடித்தேன்.

"என் கல்யாணத்துல நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"என்ன சொன்னேன்?"

அவளுக்கு ஞாபகமில்லை. உண்மையாகவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருஷம் நான் தனியாகச் சுமந்திருக்கிறேன், அவள் ஒரு நாள்கூடச் சுமக்கவில்லை. இதைவிடக் கோபம் வருகிற விஷயம் வேறு இருக்கிறதா?

"திங்கள் ஏழு மணிக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

வருவாளா? ஓக்கோவிடம் தைலம் குறைவாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

வந்தாள். புதுச் செருப்பு.

நீள மேசையை எடுக்கச் சொன்னேன். விடுதிச் சமையலறையிலிருந்து சின்ன வட்ட மேசையைக் கொண்டுவந்தார்கள். "நாலு கோப்பை" என்றேன். "புத்தகத்துல இருக்கற மாதிரி. அவசரமே வேணாம்."

ஹார்ம் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

முதல் கோப்பை. ஓக்கோ ஜன்னலைப் பார்த்தான், நான்தானே பழக்கியிருந்தேன். "அவளைப் பாரு" என்றேன். மூன்றாவது கோப்பை முடியும்வரை அவளையே பார்த்தான்.

"நாற்காலியக் கிட்ட போடு."

"எவ்வளவு கிட்ட?"

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

இழுத்தான். நிறுத்தச் சொல்லவில்லை. மறுபடி இழுத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருடைய முட்டியும் இடித்தது. அப்போதுதான் சொன்னேன்.

"அங்கேயே இரு. இப்ப அந்த வரி."

சொன்னான். நாலாவது கோப்பையை ஊற்றிக்கொண்டிருந்த அல்முத் குடுவையை நிமிர்த்த மறந்தாள். தேநீர் வழிந்து தட்டு நிறைந்தது. புத்தகத்தில் அப்படி இல்லை. யாரும் சிரிக்கவில்லை. இம்கே வரி எடுத்துக் கொடுக்க வாய் திறந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அல்முத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொத்தைப் பல்லில் குளிர்ந்த காற்றுப் பட்டதுபோல் இருந்தது. நன்றாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"தட்டு நிறையறதை அப்படியே வச்சுக்க" என்றேன் அல்முத்திடம். "நல்லா இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

ஹார்ம் போகும்போது அவுரிக் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

வண்டியில் ஓக்கோ கேட்டான். "சரியா இருந்துச்சா?"

"அல்முத் நல்லா செஞ்சா" என்றேன்.

அவன் மூக்கை உறிஞ்சினான். சந்தோஷம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை இரண்டாம் அங்கம் தொடங்குகிறோம். அதன் கடைசிப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு முத்தம் இருக்கிறது. அதை வெட்டிவிட்டேன். காட்சிக்கு அது தேவையே இல்லை.